எலுமிச்சம்பழம் வேண்டாம், பந்தைக் கொடுங்க

பந்து பாவாயி அக்காவின் மடியில் இருந்தது.

உருண்டு வந்த பந்தைக் குனிந்து இரண்டு கைகளாலும் அள்ளி எடுத்தார். முந்தானையில் போட்டுச் சுருட்டி இடுப்பில் செருகினார். பிறகு, காட்டிலிருந்து கிழங்கு கொண்டுபோகிறவரைப் போல, அவசரமே இல்லாமல் எதிர் கோலை நோக்கி நடந்தார்.

என் பெண்கள் அத்தனை பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள். மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கி வந்த அணி அது. எதிராளியின் காலில் இருக்கும் பந்தைப் பறிப்பது எப்படி என்று எத்தனையோ நாள் சொல்லிக் கொடுத்திருந்தேன். மடியில் இருக்கும் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"டீச்சர், இதுக்கு என்ன பண்ணோணும்?" என்று சங்கீதா கேட்டாள். பாவாயி அக்காவின் இளைய மகள். எங்கள் அணியின் கேப்டன்.

விசிலை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது. சிரித்தால் அது தானாக ஊதும். என் விசிலிலிருந்து ஏதோ குருவிக் குஞ்சு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. யாரும் அதை மதிக்கவில்லை.

பாவாயி அக்கா கோலுக்குள் போனார். முந்தானையை அவிழ்த்து, முட்டையை வைப்பது போலப் பந்தைத் தரையில் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வெச்சாச்சுங்க. இதுக்கு எத்தன பாயிண்ட்டு?"

பலாப்பழ வாசனை

பல்கலைக்கழக அணியில் ஆடியதையும், முழங்கால் போனதையும், அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டு விசிலைக் கையில் எடுத்ததையும் முன்பே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை கொல்லிமலையில். வளப்பூர் நாடு என்கிற பகுதியில் ஓர் அரசு உறைவிடப் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியை.

திண்டுக்கல் பக்கத்துச் சமவெளியில், சர்ச் மைதானத்தில் அண்ணன்களோடு ஆடி வளர்ந்தவள் நான். மைதானம் என்றால் தட்டையாக இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தப் பள்ளியின் மைதானம் சாய்ந்திருந்தது. மேல் கோலில் நின்று பார்த்தால் கீழ் கோலில் நிற்கிற பெண்ணின் தலை நம் காலுக்குக் கீழே தெரியும். கீழ் கோலைத் தாண்டினால் மரவள்ளிக் காடு. அதையும் தாண்டினால் பள்ளம், அதில் எப்போதும் கொஞ்சம் பனிமூட்டம். தப்பிய பந்து எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

பந்து மரவள்ளிக் காட்டுக்குள் நுழைவதற்குள் பிடித்துவிட வேண்டும். இல்லையென்றால் காட்டுக்காரரின் திட்டு விழும். சங்கீதாவுக்கு அந்த ஓட்டம் வந்தது என்னால் இல்லை. காட்டுக்காரரால்.

பந்துகளை வைக்க எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அதே அறையில்தான் விடுதிச் சமையல்காரர் பலாப்பழத்தைச் சாக்குப் போட்டுப் பழுக்க வைப்பார். எங்கள் பந்துகள் எல்லாவற்றிலும் பலாப்பழ வாசனை. கீழே ஒரு போட்டிக்குப் போனபோது எதிரணிக் கோல்கீப்பர் பந்தைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டாள். அவளைச் சுற்றி இரண்டு ஈக்கள் வேறு.

முதல் தடவை கீழே இறங்கியது ஒரு தனிக் கதை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப ஒவ்வொருத்தியாக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். அடிவாரத்தில் இறங்கியபோது அணி முழுவதும் வெளுத்திருந்தது. ஆரஞ்சுத் தோலை முகர்ந்துகொண்டே ஆடுகளத்துக்குள் போனார்கள். பந்து காலில் பட்டதும் எல்லாம் மறந்துபோனது. சமமான தரையில் ஓடுவது அவர்களுக்குச் சும்மா நடப்பது போல இருந்ததாம். "இங்க மேடே இல்லீங்க டீச்சர்" என்று இடைவேளையில் ஒருத்தி ஆச்சரியப்பட்டாள். அன்று தோற்றோம். அடுத்த வருஷம் கோப்பையோடு ஏறினோம்.

அந்தக் கோப்பை ஆட்டத்தில்தான் சங்கீதாவைக் கீழே உள்ள விளையாட்டு விடுதியின் பயிற்சியாளர் பார்த்தார். விடுதியில் நடு வருஷத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. ஒரு வாரம் கழித்து என்னை ஃபோனில் கூப்பிட்டார். "அந்தப் பொண்ண மாசக் கடைசிக்குள்ள அனுப்புங்க. இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

அன்று மாலையே பாவாயி அக்காவின் வீட்டுக்குப் போனேன். நல்ல சேதி கொண்டுபோகிறவளின் நடை எனக்கு.

மிளகு மிதிக்கும் கால்கள்

அது மிளகு பறிக்கிற காலம். வாசலில் படுதா விரித்து, காம்போடு பறித்த மிளகைக் கொட்டி, பாவாயி அக்கா மிதித்துக்கொண்டிருந்தார். காம்பிலிருந்து மணி உதிர்வதற்காக அப்படி மிதிப்பார்கள். பாதத்தைத் திருப்பித் திருப்பி, ஒரு பக்கம் குதிகால், ஒரு பக்கம் விரல். அவருடைய வீட்டுக்காரர் கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார். காடு, ஆடு, இரண்டு பெண்கள் எல்லாம் அக்காவின் பொறுப்பு.

நான் சொல்லி முடிக்கும்வரை மிதிப்பதை நிறுத்தவில்லை. விடுதி, சாப்பாடு, படிப்பு, நல்ல பயிற்சி, பத்திரமான இடம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உக்காருங்க டீச்சரு" என்றார். உள்ளே பார்த்து, "தனம், வரக்காப்பி போடு கண்ணு" என்றார்.

தனம் மூத்த மகள். சங்கீதாவைவிட ஐந்தாறு வயது பெரியவள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"இப்படித்தானுங்க ஒரு அம்மா வந்துச்சு" என்றார் பாவாயி அக்கா. "உங்களாட்டமே நல்லாப் பேசுச்சு. மில்லுல வேல, அங்கயே ஹாஸ்டலு, நேரத்துக்குச் சோறு, பத்திரமாப் பாத்துக்கறோம்னுச்சு. நானும் இவளப் பஸ்ஸு ஏத்தி உட்டேன்."

தனம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கோணும்னு போனா கேட்டுக்கு வெளியவே நிறுத்திப்போட்டாங்க. திரும்பி வாரப்ப ஆளே இல்லீங்க. இருமலு. அதையாச்சும் ஆஸ்பத்திரியில பாத்துச் சரி பண்ணிப்போட்டோம். ஆனா வாயாடிங்க இவ. பேச ஆரம்பிச்சா ஊரே சிரிக்கும். அந்தப் பேச்ச அங்கயே உட்டுப்போட்டு வந்துட்டா."

"அக்கா, இது அந்த மாதிரி இடம் இல்லைங்க. நான் சொல்றேன்ல."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலீங்க டீச்சரு." பாவாயி அக்கா அப்போதுதான் மிதிப்பதை நிறுத்தினார். "அந்த அம்மாளும் பொய் சொல்றாப்பல தெரியலீங்களே."

காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். நன்றாக இருந்தது காபி. அதைக்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

தலைமையாசிரியர், "நான் வந்து ஒரு வார்த்தை பேசட்டுமாம்மா?" என்றார். நல்ல மனிதர். வேண்டாம் சார் என்றேன். இனிக்க இனிக்கப் பேச இன்னொருவர் போவதில் என்ன பயன்?

சங்கீதா அழவில்லை. அடுத்த நாள் பயிற்சியில் மட்டும் பந்தை வேண்டுமென்றே ஓங்கி அடித்து மரவள்ளிக் காட்டுக்குள் அனுப்பினாள். தானே போய் எடுத்து வந்தாள். மறுபடி அடித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. காட்டுக்காரர் சொன்னார்.

கரண்டியும் எலுமிச்சம்பழமும்

மாசக் கடைசிக்கு முந்தின வாரம் பள்ளி விளையாட்டு விழா. பெற்றோர் எல்லாரும் வருவார்கள். அம்மாக்களுக்கென்று ஒரு போட்டி எப்போதும் உண்டு. வாயில் கரண்டி, கரண்டியில் எலுமிச்சம்பழம், விழாமல் நடக்க வேண்டும். நான் வருவதற்கு முன்னாலிருந்தே அதுதான் வழக்கம்.

கரண்டிகளைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். பாவாயி அக்கா தன் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னங்க இருக்குது? தண்ணிக் கொடத்தத் தலையில வெச்சுட்டுத் தெனமும் மேடேறுறோம். ஒரு சொட்டுச் சிந்தறதில்ல. அதுக்கு ஆரும் கைதட்டுனதில்ல."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கரண்டி என் கைக்கே திரும்பி வந்தது.

"எலுமிச்சம்பழம் வேண்டாம். அந்தப் பந்தக் குடுங்க. அதுல அப்படி என்னதான் இருக்குதுன்னு பாக்கோணும்."

தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் மைக்கை வாயருகே வைத்தபடி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "அடுத்ததாக, தாய்மார்களுக்கும் மகள்களுக்கும் கால்பந்துப் போட்டி" என்று அறிவித்துவிட்டார். ஊரே விசிலடித்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மாக்கள் இறங்கினார்கள். செருப்புகள் கோட்டுக்கு வெளியே குவிந்தன. எண்ணிப் பார்த்தால் கோலில் நிற்க ஆள் இல்லை. நீ போ, நான் மாட்டேன் என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்திலிருந்து தனம் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராகப் போய்க் கோலில் நின்றாள்.

பாவாயி அக்கா அவளை ஒரு தடவை பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. தொடங்கிய கொஞ்ச நேரத்தில்தான் அந்த மடி விவகாரம்.

"பாவம் பாத்து ஆடறியா?"

பந்தைக் கையால் தொடக் கூடாது என்று விளக்கினேன். "அப்பறம் அவ மட்டும் தொடறா?" என்று ஒரு அம்மா கோலைக் காட்டினார். கோலில் நிற்கிறவர் தொடலாம் என்றேன். "அப்ப நாங்களும் அங்கயே நிக்கறோம்" என்று நான்கு பேர் கோலுக்குப் போனார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வந்தேன். அதற்குள் ஒருவர் ஆட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று களத்தைவிட்டே போய்விட்டார். கட்டிவிட்டு வரவும் செய்தார்.

மெல்ல மெல்ல ஓர் ஆட்டம் உருவானது. மிளகு மிதித்துப் பழகிய கால்கள் அவை. வெறுங்காலால் பந்தை அடித்தால் அது போகிற போக்கே வேறு. பாவாயி அக்கா அடித்த ஒரு பந்து என் காதோரம் போனபோது நான் குனிந்துவிட்டேன்.

என் பெண்கள் விட்டுக்கொடுத்து ஆடினார்கள். காலில் வந்த பந்தை அம்மாக்களிடமே தள்ளிவிட்டார்கள். வேண்டுமென்றே தடுக்கி விழுந்தார்கள். கோல்கள் விழுந்தன. கூட்டம் குதித்தது.

பாவாயி அக்கா மட்டும் நின்றார். எதிரே சங்கீதா, பந்தைத் தன் அம்மாவின் காலுக்கு நேராக உருட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, எனக்குப் பாவம் பாத்து ஆடறியா?"

சங்கீதாவின் சிரிப்பு நின்றது.

"கீழ ஆடுனியே, அந்த ஆட்டத்த ஆடு. நான் பாக்கோணும்." பந்தை மகளிடமே எத்தினார்.

சங்கீதா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

பந்தை உள்ளங்காலால் இழுத்து நிறுத்தினாள். ஒரு மூச்சு. பிறகு கிளம்பினாள். மேட்டில் ஏறுகிற திசை அது. ஒரு அம்மா குறுக்கே வந்தார், தாண்டினாள். இன்னொருவர் காலை நீட்டினார், பந்து ஒரு பக்கம் போனது, இவள் மறுபக்கம் போய் அதைச் சேர்ந்துகொண்டாள். கூட்டத்தின் சத்தம் தானாகவே அடங்கியது.

எதிரே பாவாயி அக்கா. கால்களை அகட்டி, கைகளை விரித்து, தப்பிய ஆட்டை மடக்குகிற மாதிரி நின்றார். சங்கீதா இடது தோளைச் சாய்த்தாள். அம்மா இடப்பக்கம் பாய்ந்தார். பந்து வலப்பக்கம் போனது. அம்மா சட்டென்று திரும்பிக் காலை வீசினார், எட்டவில்லை. விதியை மறந்து கையை வீசி மகளின் சட்டையைப் பிடிக்கப் பார்த்தார். விரல்கள் காற்றைத்தான் பிடித்தன. போன வேகத்தில் புல்லில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

சங்கீதா ஓங்கி அடித்தாள்.

அந்த அடியை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் நிற்க எங்கள் கோல்கீப்பரே தயங்குவாள். தனம் நகரவில்லை. பந்து அவள் வயிற்றில் போய் மோதியது. இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப்பிடித்தபடி குப்புற விழுந்தாள்.

ஓடினேன். சங்கீதாவும் ஓடினாள். தனத்தின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. இருமல்தான் என்று நினைத்தோம், சத்தமும் முதலில் அப்படித்தான் இருந்தது. அவளைப் புரட்டினோம். முகமெல்லாம் மண். முன் பல்லில் ஒரு புல். கண்ணில் தண்ணீர் வர வர அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புடிச்சுட்டேன் பாரு" என்றாள் தங்கையிடம். "நீ பெரிய இவளாட்டம் அடிச்ச. புடிச்சுட்டேன் பாத்தியா? போடி, போய் இன்னொருக்கா ஓடியா."

சிரிப்பு நிற்கவில்லை. அது கோலிலிருந்து கோட்டுக்குப் போய், கூட்டத்துக்குப் போய், மைக் வைத்திருந்த தலைமையாசிரியர்வரை போனது.

திரும்பிப் பார்த்தேன். பாவாயி அக்கா விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கால்களை நீட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் ஊன்றிக்கொண்டு, இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள்கள்தான் ஜெயித்தார்கள். விட்டுக்கொடுத்த கோல்களை எல்லாம் அதற்குப் பிறகு அவர்கள் வட்டியோடு எடுத்துக்கொண்டார்கள்.

சட்டி மூடியைத் திறந்தவர்

விழா முடிந்து நான் பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அறை வாசலில் பாவாயி அக்கா வந்து நின்றார். சேலையில் இன்னும் புல் ஒட்டியிருந்தது.

"அவளப் புடிக்க முடியலீங்க டீச்சரு."

"நல்லா ஆடுவாளுங்க சங்கீதா."

"அதச் சொல்லல. பெத்தவ நானு. தூக்கி வளத்தவ. என்ற கைக்கே அவ ஆம்புடல." சேலையில் ஒட்டியிருந்த ஒரு புல்லை எடுத்துப் போட்டார். "கீழ எவன் கைக்கு ஆம்புட்ருவா?"

துணியைக் கீழே வைத்தேன்.

"அனுப்பறனுங்க. ஆனா நானும் வருவேன். எல்லாத்தையும் கண்ணால பாத்துப்போட்டுத்தான் உடுவேன். பெரியவளும் வாரேங்கறா."

நான்கு பேரும் விடியற்காலை பஸ்ஸில் மலை இறங்கினோம். விளையாட்டு விடுதியில் பாவாயி அக்கா சமையல்கட்டில் தொடங்கினார். சட்டி மூடிகளைத் திறந்தார். குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்தார். விடுதிக் காப்பாளர் அம்மா முதலில் சிரித்தார், பிறகு தானே முன்னால் நடந்து ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டார்.

கேள்விகளைத் தனம் கேட்டாள். அங்கிருந்த பெண்களைத் தனியாக உட்காரவைத்து, நிதானமாகக் கேட்டாள். வீட்டுக்கு ஃபோன் பண்ண விடுவார்களா? பேசும்போது யாராவது பக்கத்தில் நிற்பார்களா? காய்ச்சல் வந்தால் படுக்க விடுவார்களா? ஊரிலிருந்து ஆள் வந்தால் கேட்டைத் திறப்பார்களா? எனக்கு இதில் ஒன்றுகூடக் கேட்கத் தோன்றியிருக்காது. பதில்களை எல்லாம் கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கிளம்பும்போது தங்கையின் தலையைத் தட்டிச் சொன்னாள். "புடிக்கலன்னா பஸ் ஏறு. ஆரையும் கேக்காத. நாங்க எதுவும் சொல்ல மாட்டோம்."

சங்கீதா பஸ் ஏறவில்லை. விடுதியில் படிப்பை முடித்து, இன்று ஒரு கல்லூரி அணியின் நடுக்களத்தில் ஆடுகிறாள். போன மாதம் என் இப்போதைய அணியை அவள் அணி தோற்கடித்தது. ஆட்டம் முடிந்து வந்து என் காலைத் தொட்டாள். எழும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

அன்று நாங்கள் மூவரும் மலைக்குத் திரும்பிய பஸ்ஸில் பாவாயி அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைவுகள் தொடங்கின. அவர் மனம் விடுதியிலேயே இருக்கிறது என்று நினைத்து நான் பேச்சுக் கொடுக்கவில்லை. பாதி மலை ஏறியபின் அவரே திரும்பினார்.

"சந்த முடிஞ்சு சாயங்காலம் வந்தா மைதானம் சும்மா இருக்குங்களா?"

"இருக்குங்க. எதுக்குக்கா?"

"தோத்துப்போட்டு அப்படியே உக்காரச் சொல்றீங்களா?"

முன் சீட்டிலிருந்து தனம் சிரித்தாள்.

சந்தை நாள் சாயங்காலம்

சந்தை நாளன்று பள்ளியில் ஏதோ கூட்டம். முடிந்து நான் வருவதற்குள் வெயில் சரிந்துவிட்டது. பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி மரவள்ளிக் காட்டின் நுனியைத் தொட்டிருந்தது.

தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. எனக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. கோட்டோரத்தில் சந்தைப் பைகள், அவற்றின் மேல் செருப்புகள். ஒரு பையிலிருந்து கொத்தமல்லி எட்டிப் பார்த்தது. அம்மாக்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தனம் கோலில் நின்று ஒவ்வொருத்தரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். கை நிறைய வேலை வைத்திருப்பவளின் குரல் அது.

கோட்டருகே நின்று பழக்கத்தில் விசிலைத் தேடினேன். பாவாயி அக்கா என்னைப் பார்த்துவிட்டார். அதுவரை அவர் என்னை டீச்சரு, வாங்க, போங்க என்றுதான் பேசியிருக்கிறார்.

"ஆள் கொறையுது கண்ணு. செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள வா."

"எனக்கு முட்டி சரியில்லைக்கா. ஓடி வருஷமாச்சு."

"இங்க ஆருக்கு முட்டி நல்லாருக்குது? வா சாமி, பந்து காத்துக் கெடக்குது."

செருப்பைக் கழற்றினேன். புல் சில்லென்று இருந்தது. சுடிதாரை ஏற்றிக் கட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். யாரோ எனக்குப் பந்தைத் தள்ளினார்கள். அதை உள்ளங்காலால் நிறுத்தி, நிமிர்ந்து யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தேன்.

பார்த்து முடிப்பதற்குள் பாவாயி அக்கா அதை என் காலிலிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் அவருக்கு எதிரணி.

துரத்திக்கொண்டு ஓடினேன்.